திரை காட்டிய திறல் மகளிர்

கதை கேளாத குழந்தை உலகில் இல்லை. பாட்டியின் மடியில் தலை சாய்த்துக் கேட்ட கதைகளில் பறக்கும் கம்பளம் உண்டு. ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளியின் உடலில் தன் உயிரை ஒளித்து வைத்த அரக்கன் உண்டு. அவன் சிறையில் கண்ணீர் வடிக்கும் அரசிளங்குமரியும் உண்டு. அவளை மீட்க இளவரசன் ஒருவன் குதிரையேறி வருவான். கடலைக் கடப்பவன் அவன். கிளியைப் பிடிப்பவன் அவன். அரக்கனை வெல்பவனும் அவனே. அவளோ சாளரத்தருகே நின்று அவன் வரும் வழி பார்த்திருப்பாள்.

காத்திருப்பதே பெண்ணுக்குரிய தொழில் என்று இத்தகைய கதைகள் நெடுங்காலம் சொல்லி வந்தன. ஆயினும், காத்திராமல் எழுந்து நடந்த பெண்களைப் பற்றிய கதைகளும் உலகில் உண்டு. அவை எண்ணிக்கையில் குறைவு; ஆனால் நெஞ்சில் நிலைப்பவை. நாடகமேடையிலும் ஏட்டிலும் வாழ்ந்த அப்பெண்கள், சென்ற நூற்றாண்டில் வெண்திரையிலும் தோன்றினர். அவர்களுள் சிலர் உருப்பெற்ற இடம் நம் சேலம் மாநகரம் என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

சேலத்தின் கலைக்கூடம்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், சேர்வராயன் மலையை நோக்கியவாறு, பழைய நுழைவாயில் வளைவு ஒன்று உண்டு. அதற்கு அப்பால் ஒரு காலத்தில் அரண்மனைகள் ஒரே வாரத்தில் எழும். மறுவாரம் அவை மறைந்து, அவ்விடத்தில் காடும் குகையும் தோன்றும். அதுவே ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ என்னும் படப்பிடிப்பு நிலையம். அதனை 1935-ஆம் ஆண்டில் நிறுவியவர் டி. ஆர். சுந்தரம் ஆவார்.

சுந்தரம் 1907-ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டில் பிறந்தவர். அவ்வூர் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமான பின்னர் அதனோடு இணைந்தது. நூல் வணிகம் செய்த குடும்பத்தில் தோன்றிய அவர், இங்கிலாந்து நாட்டின் லீட்சு நகருக்குச் சென்று நெசவுத் தொழில் நுட்பத்தைப் பயின்றார். ஆயினும், ஊர் திரும்பிய பின்னர் அவர் உள்ளம் தறியை நாடாமல் திரையை நாடிற்று. மலையாள மொழியின் முதற் பேசும் படமாகிய ‘பாலன்’ 1938-இல் வெளிவந்தது. அதனை எடுத்ததும் சேலத்து நிலையமே. அவர் 1963-இல் மறையும் வரை அந்நிலையத்திலிருந்து பன்மொழிப் படங்கள் இடையறாது வெளிவந்தன.

அந்நிலையத்தின் முதற்படம் 1937-இல் வந்த ‘சதி அகல்யா’. அகலிகையின் கதையை நாம் அறிவோம். கணவனின் சாபத்தால் கல்லாகிக் கிடந்தவள் அவள். அவள் மீண்டும் பெண்ணாக எழுவதற்கு மற்றொருவரின் திருவடித் துகள் வரவேண்டியிருந்தது. தண்டனையும் பிறரால் வந்தது. மீட்சியும் பிறரால் வந்தது. இடையில் அவள் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. சேலத்துத் திரையின் முதல் நாயகி இவ்வாறு கல்லாய்க் கிடந்தவள் என்பதை நினைவிற் கொள்க. அடுத்த இருபது ஆண்டுகளில் அதே நிலையத்தில் எத்தகைய பெண்கள் எழுந்தனர் என்பதைக் காண்போம்.

மந்திரி குமாரி

1950-ஆம் ஆண்டில் ‘மந்திரி குமாரி’ என்னும் படம் வெளிவந்தது. அதற்கு உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி. எல்லிசு ஆர். டங்கன் என்னும் அமெரிக்கரும் சுந்தரமும் அதனை இயக்கினர். அப்படத்தில் மாயமில்லை, மந்திரமுமில்லை. அரசர் காலத்தைக் களமாகக் கொண்ட கற்பனைக் கதை அது. ஆயினும், வியப்புக் கதைகளின் நாயகியர்க்கு வேண்டிய முதற்பண்பு யாது என்பதை அது காட்டுவதால், அதனை இங்கே கருதுதல் தகும்.

அதன் வேர் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியில் உள்ளது. நாதகுத்தனார் இயற்றிய அக்காப்பியம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. நம் கைக்கு எட்டியவை பத்தொன்பது பாடல்களே என்பர். எனினும், நீலகேசி உரையால் அதன் கதையை அறிகிறோம். வணிகன் மகளாகிய பத்திரை, கொலைக்களத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட காளன் என்னும் கள்வனைக் கண்டு காதல் கொண்டாள். அவள் தந்தை அவனை மீட்டு மணம் செய்வித்தான். ஒருநாள் ஊடலின்போது அவள் அவனைக் கள்வன் என்று சொல்லிவிட்டாள். அச்சொல்லை அவன் மறக்கவில்லை. அவளைக் கொல்லக் கருதி மலையுச்சிக்கு அழைத்துச் சென்றான். அவன் எண்ணத்தை அறிந்த பத்திரை, இறப்பதற்கு முன் கணவனை வலம் வந்து வணங்க வேண்டும் என்று கேட்டாள். அவன் இசைந்தான். வலம் வந்தவள் பின்புறம் சென்றதும் அவனை மலையிலிருந்து கீழே தள்ளினாள்.

திரைக்கதையில் பத்திரை, அமைச்சர் மகள் அமுதவல்லி ஆனாள். காளன், அரச குருவின் மகன் பார்த்திபன் ஆனான். பகலில் பெருங்குடி மகனாகவும் இரவில் கொள்ளைக்காரனாகவும் வாழ்பவன் அவன். அமுதவல்லியாக மாதுரிதேவியும் பார்த்திபனாக எஸ். ஏ. நடராசனும் நடித்தனர். படத்தின் வீரன் வாளேந்திய எம். ஜி. இராமச்சந்திரன். ஆயினும், படத்தின் பெயர் வீரனைக் குறிக்கவில்லை. அமைச்சர் மகளையே குறித்தது.

அவள் செய்த செயலை நாம் எளிதாகப் புகழ்ந்துவிடுதல் கூடாது. கணவனைத் தெய்வமாக எண்ணும்படி வளர்க்கப்பட்டவள் அவள். தெய்வம் என்று நினைத்தவனே பிறர் பொருளையும் உயிரையும் கவர்பவன் என்று அறிந்தபோது அவள் உள்ளம் எவ்வளவு வருந்தியிருக்கும்! அழுதுகொண்டே உயிர் துறந்திருந்தால் அவளை உத்தமி என்று ஊர் போற்றியிருக்கும். கொள்ளையோ தொடர்ந்து நடந்திருக்கும். உண்மையைக் கண்ட பின்னர், அது தனக்கு வேண்டாத உண்மையாயினும் அதன்வழி நிற்பதே திறல். அதுவே அமுதவல்லி நமக்குக் காட்டும் முதற் பண்பாகும்.

காட்டுக்குச் சென்ற இளவரசி

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. சேலத்து நிலையம் அமெரிக்கப் படநிறுவனம் ஒன்றோடு சேர்ந்து, 1952-இல் ஓர் அறிவியற் கற்பனைப் படத்தை எடுத்தது. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’ என்றும் தமிழில் ‘காடு’ என்றும் அது வழங்கிற்று. வில்லியம் பெர்க்கு என்பவர் அதனை இயக்கினார். ராடு கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்சர் என்னும் ஆலிவுட்டு நடிகர்கள் அதில் நடித்தனர்.

காட்டு விலங்குகள் திடீரென்று வெருண்டு ஓடி வந்து ஊர்களை அழிக்கின்றன. யானைகளே அஞ்சி ஓடுகின்றன என்றால், யானைக்கும் அச்சம் தருவது எது? இதுவே கதையின் வினா. விடை தேடிக் காட்டிற்குள் ஒரு குழு செல்கிறது. அக்குழுவில் வேட்டைக்காரனும் உண்டு. நாட்டின் இளவரசியாகிய மாரியும் உண்டு. முடிவில் அவர்கள் காண்பது, அழிந்துபோனதாகக் கருதப்பட்ட கம்பளி மயிர் போர்த்த ‘மாமத்’ என்னும் பேரியானைக் கூட்டம். மயிர்ப் போர்வையும் பெருந்தந்தமும் அணிவித்த நம் நாட்டு யானைகளே திரையில் மாமத்துகளாக நடந்தன.

உண்மையில் மாமத்துகள் குளிர் நாடுகளில் வாழ்ந்தவை. அவற்றுள் பெரும்பாலானவை ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்தன. வடகடலில் உள்ள ராங்கல் தீவில் மட்டும் ஒரு சிறு கூட்டம் இற்றைக்கு 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை வாழ்ந்ததாக ஆராய்ச்சியாளர் கூறுவர். நம் வெப்பக் காட்டில் அவை உலவுவது கற்பனையே. ஆனால், நிகழ்ச்சி ஒன்றைக் கண்டதும் ‘இதற்குக் காரணம் யாது?’ என்று கேட்பது கற்பனையன்று. அறிவியலின் முதற்படி அதுவே.

அரண்மனையில் இருந்துகொண்டே ஆட்களை அனுப்பியிருக்கலாம் இளவரசி. அவ்வாறு செய்யாது தானே சென்றது அவள் பெருமை. ஆயினும், குறையையும் மறைத்தல் முறையன்று. இந்திய இளவரசியாக நடித்தவர் அமெரிக்க நடிகை. துப்பாக்கியும் வழிகாட்டும் பொறுப்பும் பெரும்பாலும் ஆடவர் கையிலேயே இருந்தன. நாயகியைக் காட்டின் வாயில் வரை கொண்டு வந்தவர்கள், அவள் கையில் முழுப்பொறுப்பையும் கொடுக்கத் துணியவில்லை.

மார்சியானாவின் மதி

1956-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வெளிவந்தது. தமிழில் முழுவதும் வண்ணத்தில் எடுக்கப்பட்ட முதற்படம் அது. அலிபாபாவாக எம். ஜி. இராமச்சந்திரனும், மார்சியானாவாகப் பி. பானுமதியும் நடித்தனர். மந்திரச் சொல்லைக் கேட்டதும் குகையின் பாறை விலகும் காட்சியைக் கண்டு, கொட்டகையில் அமர்ந்திருந்த சிறுவர் வாய்பிளந்தனர்.

இக்கதை ‘ஆயிரத்தோர் இரவுகள்’ என்னும் அரபுக் கதைத் தொகுதியைச் சேர்ந்ததாக வழங்குகிறது. ஆனால், அதன் பழைய அரபுச் சுவடிகளில் இது காணப்படவில்லை. அன்னா தியாப் என்னும் சிரியா நாட்டவர் 1709-இல் பாரிசு நகரில் சொல்லக் கேட்டு, அந்துவான் கலான் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் மொழிபெயர்ப்போடு இதனைச் சேர்த்தார். அம்மூலக்கதையில் மார்சியானாவின் செயல்களை வரிசையாக நோக்குக.

கள்வன் ஒருவன் அலிபாபாவின் வீட்டுக் கதவில் அடையாளக் கோடு இட்டுச் செல்கிறான். பலர் அக்கதவைக் கடந்து செல்கின்றனர். கோட்டைக் கண்டவள் மார்சியானா ஒருத்தியே. கண்டதும் அவள் அதனை அழித்துவிடவில்லை. அழித்தால், தன் குறி வெளிப்பட்டுவிட்டது என்று பகைவன் உணர்வான். ஆதலால், தெருவில் உள்ள பிற வீட்டுக் கதவுகளிலும் அதே கோட்டை இடுகிறாள். கள்வர் வந்து திகைத்துத் திரும்புகின்றனர். பின்னர், கள்வர் தலைவன் எண்ணெய் வணிகனைப் போல் வேடம் புனைந்து, 37 கள்வரை மிடாக்களில் ஒளித்து வைத்து, விருந்தினனாகவே வீட்டிற்குள் நுழைகிறான். விளக்கிற்கு எண்ணெய் எடுக்கச் சென்ற மார்சியானா, மிடாவிலிருந்து மனிதக் குரல் கேட்கிறாள். அவள் அலறவில்லை. தலைவனே பேசுவதுபோல் அடங்கிய குரலில் மறுமொழி கூறி, ஒவ்வொரு மிடாவாகச் சோதித்து, எத்தனை பேர் உள்ளனர் என்று எண்ணுகிறாள். அதன் பின்னரே அவர்களை ஒடுக்கும் வழியைத் தேடுகிறாள்.

அலிபாபாவுக்குச் செல்வம் தந்தது, தற்செயலாகக் காதில் விழுந்த ஒரு மந்திரச் சொல். அவன் உயிரைக் காத்ததோ ஒரு பெண்ணின் விழிப்பு. மந்திரத்தை யாரும் ஒட்டுக்கேட்டுக் கற்கலாம். விழிப்பை அவ்வாறு பெற முடியாது. அது நாள்தோறும் கண்ணையும் செவியையும் பழக்கிப் பெறுவது. இத்தனைக்கும் அவள் பிறர் ஏவலில் வாழ்ந்த எளிய பெண். செல்வமோ குலமோ படையோ அவளுக்குத் துணையில்லை. இருந்தும், கதையின் பெயரில் அலிபாபாவுக்கு இடமுண்டு; நாற்பது திருடருக்கும் இடமுண்டு; எல்லாரையும் வென்ற மார்சியானாவுக்கு மட்டும் இடமில்லை! உழைத்தவர் பெயர் ஏட்டில் ஏறாமற் போவது கதையில் மட்டுமா நிகழ்கிறது?

விண்ணுக்குச் சென்ற வாணி

மார்சியானாவாக நடித்த பானுமதியார் வாழ்விலும் திறல் மிக்கவர். அவர் நடிகை மட்டுமல்லர். பாடகி, எழுத்தாளர், இயக்குநர், படப்பிடிப்பு நிலையத்தின் உரிமையாளர் எனப் பல துறைகளில் விளங்கினார். பெண்கள் படத்தை இயக்குவது மிக அரிதாயிருந்த 1953-ஆம் ஆண்டிலேயே, ‘சண்டிராணி’ என்னும் படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளில் இயக்கி, அதில் இரட்டை வேடத்திலும் நடித்தார்.

அவர் நடித்த மற்றொரு படம் ‘கலை அரசி’. சென்னையில் ஏ. காசிலிங்கம் இயக்கிய அப்படம் 1963-இல் வெளிவந்தது. வேற்றுலகத்தார் மண்ணுக்கு வருவதாகக் காட்டிய இந்தியப் படங்களுள் அது மிக முற்பட்டது. அவ்வுலகில் அறிவியல் உண்டு. பறக்கும் கலம் உண்டு. ஆனால் இசை இல்லை. இசையைக் கற்பிக்கத்தக்க ஒருவரைத் தேடி வந்தவர்கள், வாணி என்னும் பாடகியைக் கவர்ந்து செல்கின்றனர். விண்கலம் படைத்தவர்களும் ஒரு பெண்ணின் கலைக்கு இரவலராக வந்தனர் என்பது உயர்ந்த கற்பனையாகும். எனினும், வாணி தானாக விண்ணுக்குச் செல்லவில்லை, கொண்டு செல்லப்பட்டாள். அவளை மீட்க நாயகன் வேற்றுலகம் போக வேண்டியிருந்தது. ஏழு கடலுக்குப் பதிலாக வான்வெளி வந்தது. குதிரைக்குப் பதிலாக விண்கலம் வந்தது. சாளரத்தருகே நின்ற குமரி மட்டும் மாறவில்லை.

அப்படியாயின், தன் அறிவால் தானே உலகை ஆளும் நாயகியை நம் நாட்டார் எவரும் எண்ணியதில்லையா? எண்ணினர், அதுவும் 58 ஆண்டுகளுக்கு முன்னரே. வங்கத்தைச் சேர்ந்த உரொக்கேயா அம்மையார் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்னும் ஆங்கிலக் கதை, 1905-இல் சென்னையிலிருந்து வெளிவந்த பெண்கள் இதழ் ஒன்றில் அச்சாயிற்று. அக்கதையில் வரும் நாட்டைப் பெண்களே ஆள்கின்றனர். அவர்கள் மேகத்திலிருந்து நீரை ஈர்க்கின்றனர். கதிரவனின் வெப்பத்தைத் திரட்டி அடுப்பெரிக்கின்றனர். அதே வெப்பத்தைப் பகைவர் மீது பாய்ச்சிப் போரையும் வெல்கின்றனர். இவ்வளவிற்கும் அடிப்படை, அந்நாட்டு அரசி பெண்களுக்காகப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் அமைத்ததே என்று கதை கூறுகிறது. எழுதியதோடு அமையாமல், அம்மையார் 1911-இல் கல்கத்தாவில் பெண்கள் பள்ளி ஒன்றையும் நடத்தத் தொடங்கினார். ஏட்டில் இருந்த அக்கதை, 2023-இல் இசுபெயின் நாட்டு இயக்குநர் ஒருவரின் ஓவியப் படத்திற்கு வித்தாகித் திரையையும் அடைந்தது.

மேலை நாட்டுத் திரையிலும் இம்மாற்றம் மெல்லவே வந்தது. 1979-இல் வெளிவந்த ‘ஏலியன்’ என்னும் படத்தில் ரிப்ளி என்னும் பெண் விண்கலத்தில் பணிபுரிகிறாள். அக்கதையை எழுதியவர்கள், பாத்திரங்களை ஆணுக்கோ பெண்ணுக்கோ உரியனவாக வரையறுக்காமல் எழுதினர். வேற்றுலக உயிர் பற்றிய தோழனோடு சிலர் கலத்தின் வாயிலில் நிற்கும்போது, தொற்றுக் காப்பு விதிப்படி கதவைத் திறக்கலாகாது என்று ரிப்ளி மறுக்கிறாள். அவள் சொல்லை மீறி மற்றொருவன் திறந்துவிடுகிறான். அழிவு உள்ளே புகுகிறது. கதவில் இட்ட கோட்டைக் கண்ட மார்சியானாவுக்கும், கதவைத் திறக்க மறுத்த ரிப்ளிக்கும் இடையே உள்ள உறவு வெளிப்படையன்றோ?

கதையும் வாழ்வும்

வாணி திரையில் விண்ணுலகு சென்ற அதே 1963-ஆம் ஆண்டில், சூன் 16-ஆம் நாள், வாலண்டினா தெரசுகோவா என்னும் உருசிய மங்கை மெய்யாகவே விண்வெளிக்குச் சென்றார். அவரை எவரும் கவர்ந்து செல்லவில்லை. தனியொருவராகக் கலத்தில் அமர்ந்து, ஏறத்தாழ மூன்று நாட்களில் உலகை 48 முறை சுற்றினார். அங்ஙனம் சென்ற முதற்பெண் அவரே. விண்வெளிப் பயிற்சிக்கு வருமுன் அவர் செய்த தொழில் யாது? யாரோசுலாவல் நகரத்து நெசவாலையில் அவர் ஒரு தொழிலாளி. ஓய்வு நேரத்தில் வான்குடை கொண்டு குதிக்கப் பழகியவர்.

சேலமும் இராசிபுரமும் திருச்செங்கோடும் பள்ளிபாளையமும் தறியோசை ஓயாத ஊர்கள். இவ்வூர்ப் பெண்களுள் எத்தனையோ பேர் பாவு ஓட்டியும் நூல் சுற்றியும் குடும்பத்தைத் தாங்குகின்றனர். இலட்சத்தில் ஓர் இழை அறுந்தாலும் கண்டுபிடிக்கும் கண் அவர்களுக்கு உண்டு. நெசவாலையில் நின்றவர் விண்ணுக்குச் செல்ல முடிந்தது என்னும் உண்மை, இவ்வூர்ச் சிறுமியர்க்கு எந்த மாயக்கதையினும் பெரிய வியப்பன்றோ!

கல்லாய்க் கிடந்த அகலிகையில் தொடங்கிய சேலத்துத் திரை, இருபது ஆண்டுகளுக்குள் மார்சியானாவை நமக்குத் தந்தது. அப்பெண்களின் வலிமை வாளிலும் இல்லை, மந்திரத்திலும் இல்லை. ‘ஏன்?’ என்று கேட்டாள் ஒருத்தி. பிறர் காணாததைக் கண்டாள் மற்றொருத்தி. கண்ட உண்மையின் வழி நின்றாள் இன்னொருத்தி. இம்மூன்றும் திரைக்கு மட்டும் உரியன அல்ல. வகுப்பறையிலும் வீட்டிலும் தொழிற்கூடத்திலும் பழகத்தக்கவை. ஆண், பெண் இருபாலார்க்கும் பொதுவானவை.

ஆகவே மாணவர்களே, இனி வியப்புக் கதை ஒன்றைத் திரையில் காணும்போது, குகை எவ்வாறு திறந்தது என்பதோடு நின்றுவிடாதீர்கள். அக்கதையில் பெண் என்ன செய்கிறாள் என்றும் நோக்குங்கள். அவள் வழிபார்த்து நிற்கிறாளா, வழி காண்கிறாளா என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் காணும் வழிகள் எத்தனை என்பதும் அப்போது உங்களுக்குப் புலப்படும்.